மனநல மருந்துகளைக் குறைக்கும் காலத்தில் தூக்கமின்மையைச் சமாளிக்கும் முறை

மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை, ஊர்ப்பேச்சில் ‘நரம்பு மாத்திரை’ என்றும் ‘தூக்க மாத்திரை’ என்றும் சொல்லப்படுபவற்றை, குறைக்கத் தொடங்குகிறவர்களில் பலருக்கு முதலில் குலைவது தூக்கம்தான். படுத்தால் கண் மூடுவதில்லை. மூடினாலும் பின்னிரவில் நெஞ்சு படபடக்க விழிப்பு வந்துவிடுகிறது. கிடைத்த கொஞ்ச உறக்கத்தையும் கனவுகள் அலைக்கழிக்கின்றன. தொடர்ந்து சில ராத்திரிகள் சிவராத்திரியாகக் கழிந்ததும், மருந்தில்லாமல் தன்னால் இருக்கவே முடியாது என்ற முடிவுக்கு ஒருவர் வந்துவிடுகிறார். இன்னொருவர் வீம்புக்கு மிச்ச மாத்திரையையும் ஒரே நாளில் தூக்கி எறிகிறார். இரண்டுமே அவசர முடிவுகள். இந்தக் காலத்தில் தூக்கத்தை வலிந்து வரவழைக்க முயல்வதால் பயன் குறைவு. உண்மையிலேயே நம் கையில் இருப்பவை மருந்தைக் குறைக்கும் வேகமும் காலையில் எழும் நேரமும்தான். கீழே வரும் மற்ற யோசனைகள் எல்லாம் இவ்விரண்டுக்கும் துணை நிற்பவை.

மருந்து எழுதிய மருத்துவருடன் சேர்ந்தே குறைக்க வேண்டும் என்பது சம்பிரதாயத்துக்காகச் சொல்லப்படுவதன்று. அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபின் மருந்துகளைப் பல வாரங்கள் நாள்தோறும் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். லித்தியத்தைச் சட்டென நிறுத்தினால் இருமுனையக் கோளாறு (பைபோலார்) உள்ளவருக்கு மிகையெழுச்சி நிலை, அதாவது அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும், திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது. அதனால்தான் அதைக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு, இயன்றால் மூன்று மாதங்களுக்குப் பரப்பிக் குறைக்கச் சொல்கிறார்கள். மனச்சிதைவுக்கான மருந்துகளைப் பொறுத்தவரை, குறைப்பது தகுமா என்ற கேள்வியே முதலில் தீர வேண்டும். மருந்தைத் தொடர்வதே நல்லது என்றிருக்கும் நோயாளிகளும் உண்டு. அவர்கள் எவரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை.

தூக்கம் ஏன் குலைகிறது

மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்புகளின் பரபரப்பை அடக்குகிறது. பென்சோடயசெபின்கள் அந்த அடக்கலை வலுப்படுத்துகின்றன. மாதக்கணக்கில் அந்த வெளித்துணை கிடைத்துக்கொண்டிருக்கும்போது மூளை தன் சொந்த அடக்கலைத் தளர்த்திவிடுகிறது. மருந்து குறையும்போது, மூளை பழைய நிலைக்குத் திரும்பும் வரை, பரபரப்பே மேலோங்குகிறது. மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், பராக்செட்டின், வென்லாஃபாக்சின் போன்றவை செயல்படும் வழி வேறு. அவற்றில் பெரும்பாலானவை கனவு மிகுந்த உறக்கக் கட்டத்தை அடக்கி வைக்கின்றன. அவற்றைக் குறைக்கும்போது அந்தக் கட்டம் அடக்கி வைத்ததற்கும் சேர்த்துப் பொங்குகிறது. விசித்திரமான, தெளிவான, சில வேளை அச்சுறுத்தும் கனவுகள் வருவது இதனால்தான்; அவற்றைத் தீய சகுனமாகவோ மனம் கெட்டுவிட்டதன் அடையாளமாகவோ கொள்ள வேண்டியதில்லை. மிர்ட்டசபின், குவெட்டியபின், ஒலான்சபின் ஆகியவற்றின் உறக்கம் பெரிதும் ஹிஸ்டமின் என்ற, விழிப்பைத் தரும் வேதிப்பொருளைத் தடுப்பதால் கிடைப்பது. தடை விலகியதும் விழிப்பு கூடுகிறது.

மருந்து உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் முக்கியம். இரத்தத்தில் அல்பிரசோலத்தின் அளவு சுமார் 11 மணி நேரத்தில் பாதியாகிறது. குளோனசெபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம் ஆகலாம். அல்பிரசோலம் உட்கொள்பவர் அடுத்த மாத்திரைக்கு முன்பே, விடியற்காலையில், படபடப்புடன் விழிப்பதற்கு இது ஒரு காரணம். இத்தகையவர்களுக்கு, மெதுவாக வெளியேறும் டயசெபாமுக்குப் படிப்படியாக மாற்றி, பிறகு அதைக் குறைக்கும் முறை உண்டு. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை பென்சோடயசெபின் விலகலுக்கெனவே (மருந்து குறையும்போது உடலும் மனமும் படும் பாடே விலகல்) ஒரு மருத்துவப் பிரிவை நடத்திய மருத்துவர் ஹெதர் ஆஷ்டன் இம்முறையைப் பரவலாக்கினார். மாற்று அளவை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். ஒரு மில்லிகிராமுக்கு ஒரு மில்லிகிராம் என்று மாற்றுவது பெரும் பிழையாகிவிடும்.

அட்டையைத் திருப்பிப் படியுங்கள்

நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி.யும் குளோனசெபாம் 0.5 மி.கி.யும் சேர்ந்த கூட்டு மாத்திரை மிகப் பரவலாக எழுதப்படுகிறது. பராக்செட்டினுடன் குளோனசெபாம் சேர்ந்ததும் உண்டு. உட்கொள்பவர் பலருக்குத் தாம் இரண்டு மருந்துகளை விழுங்குகிறோம் என்பதே தெரியாது. இந்த மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடத் தொடங்கினால் இரண்டு மருந்துகளும் ஒரே நாளில் பாதியாகின்றன. இரண்டு விலகல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. போன தூக்கம் எதனால் போனது என்று மருத்துவராலும் பிரித்தறிய முடிவதில்லை. ஆகவே முதல் வேலையாக, மாத்திரை அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். அதே அளவிலேயே இரண்டையும் தனித்தனி மாத்திரைகளாக மாற்றித் தரக் கேளுங்கள். மாற்றத்துக்குப் பின் சில வாரங்கள் எதையும் குறைக்காமல் இருந்து, தூக்கம் முன்போலவே இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் குறைக்கத் தொடங்கலாம். எது முதலில் என்பது உங்கள் நோயைப் பொறுத்தது, மருத்துவர் சொல்வார்.

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., சி.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்றிருக்கும் மாத்திரைகள் மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும்படி செய்யப்பட்டவை. மருந்தாளுநரிடம் கேட்காமல் அவற்றை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இரவு முழுவதும் பரவ வேண்டிய மருந்து ஒரே மணி நேரத்தில் கலந்துவிடக்கூடும்.

வேகம்

பென்சோடயசெபின் குறைப்புக்காக அமெரிக்க மருத்துவ அமைப்புகள் 2025இல் கூட்டாக வெளியிட்ட நெறிமுறை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு என்ற அளவில் தொடங்கலாம் என்றும், இரண்டு வாரத்துக்கு 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த விழுக்காட்டைத் தொடக்க அளவிலிருந்து கணக்கிடாமல், அப்போது உட்கொள்ளும் அளவிலிருந்து கணக்கிடுவது நல்லது. 1 மி.கி.யில் இருப்பவர் 0.9 ஆக்கினால் அடுத்த படி 0.81. கீழே போகப் போகப் படி சிறிதாகும்.

இதற்குக் காரணம் உண்டு. இலண்டனைச் சேர்ந்த மனநல மருந்து ஆய்வாளர்கள் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் வெளியிட்ட கட்டுரையில் சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்துக்காட்டாக விளக்கினார்கள்: 20 மி.கி. அளவில் அது மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை நரம்புகள் திரும்ப உறிஞ்சும் வாயில்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடைக்கிறது, 9 மி.கி. அளவிலும் 70 விழுக்காடு அடைபட்டே இருக்கிறது; 2.3 மி.கி. போன்ற துளி அளவிலும் 40 விழுக்காடு. ஆகவே 20இலிருந்து 10க்கு இறங்கும்போது ஒன்றும் தெரியாமல் போகலாம். கடைசி 5 மி.கி.யிலிருந்து பூச்சியத்துக்கு இறங்கும்போதுதான் பள்ளத்தில் விழுந்தாற்போல் இருக்கும். ‘இத்தனூண்டு மாத்திரைதானே, விட்டுவிடுங்கள்’ என்று எவராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். கடைசிப் படிகளுக்குத் தேவையான சிறிய அளவுகள் மாத்திரையாகக் கிடைப்பது அரிது. திரவ மருந்தோ வேறு வழியோ உண்டா என்று மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

ஒவ்வொரு குறைப்புக்குப் பின்னும் சில நாள்களோ ஓரிரு வாரங்களோ தூக்கம் மோசமாகி, பின் தேறுவதே வழக்கமான போக்கு. தேறிய பின்னரே அடுத்த படி. தேறவில்லை என்றால் அதே அளவில் இன்னும் சில வாரங்கள் நிற்கலாம். தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் பேசி முந்தைய அளவுக்கு ஒரு படி திரும்பலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுங்கள் என்ற யோசனையும் நம்மிடம் புழங்குகிறது. ஃபுளூவாக்செட்டின் போல உடலில் நெடுநாள் தங்கும் மருந்தைத் தவிர மற்றவற்றுக்கு இது ஒவ்வாது. இரத்தத்தில் மருந்தின் அளவு நாள்தோறும் ஏறி இறங்குவதால் மாத்திரை இல்லாத இரவெல்லாம் ஒரு சிறு விலகலாகவே கழியும். வீட்டில் கல்யாணத்தையோ பிள்ளையின் பொதுத்தேர்வையோ வைத்துக்கொண்டு புதிய குறைப்பைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு மாதம் தள்ளினால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

பழைய நோயா, விலகலா

தூக்கம் போனதும் பழைய நோய் திரும்பிவிட்டது என்ற அச்சம் எழுவது இயல்பு. வேறுபாட்டைக் காணச் சில தடயங்கள் உண்டு. விலகலால் வரும் தூக்கமின்மை, அளவைக் குறைத்த சில நாள்களில் தொடங்கும். தலைச்சுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் சுள்ளென்று பாய்வது போன்ற அதிர்வு, வியர்வை என்று முன்பு இல்லாத உடல் அறிகுறிகளும் உடன் வரும். பழைய அளவுக்குத் திரும்பினால் சில நாள்களில் தணியும். நோய் திரும்புவது பெரும்பாலும் மெதுவாக, வாரக்கணக்கில் நிகழும். பழைய மனநிலையும் பழைய எண்ணங்களும் உடன் வரும். ஃபுளூவாக்செட்டின் விதிவிலக்கு: அது வெளியேறப் பல வாரங்கள் ஆவதால் விலகலும் தாமதமாகவே தெரியும். இந்தத் தடயங்களும் முழு உறுதி தருவனவல்ல என்பதால், குறைத்த தேதி, அளவு, தூங்கிய நேரம், உடன் வந்த அறிகுறி ஆகியவற்றை ஒரு நோட்டில் நாளுக்கு ஒரு வரியாக எழுதி வருவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். அதைக் காலையில் உத்தேசமாக எழுதினால் போதும். இரவில் மணி பார்த்து எழுதக் கூடாது.

இருமுனையக் கோளாறு உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். தூக்கம் வராமல் மறுநாள் உடல் அசந்து கிடப்பது தூக்கமின்மை. மூன்று மணி நேரம் மட்டுமே தூங்கியும் அசதியே இல்லாமல், பேச்சும் திட்டங்களும் செலவும் பெருகுவது தூக்கமின்மையன்று. அது மிகையெழுச்சியின் முன்னறிவிப்பாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும்.

எழும் நேரமும் படுக்கையும்

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது மாத்திரையை அன்று, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையைத்தான். அதன் சாரத்தை வீட்டிலேயே பின்பற்றலாம். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும்; ஞாயிற்றுக்கிழமையும் இதற்கு விலக்கில்லை. எழுந்த கையோடு அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடக்கவோ வாசலில் உட்காரவோ வேண்டும். உடலின் கடிகாரத்தைத் திருத்துவதில் காலை வெளிச்சத்துக்கு நிகரானது இல்லை. விட்ட தூக்கத்தைப் பகலில் பிடிக்க நினைத்தால் அடுத்த இரவும் கெடும். மிகவும் முடியாத நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம் கண்ணயரலாம்.

இரவில் உறக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டுமே படுக்க வேண்டும். படுத்துக் கொஞ்ச நேரமாகியும் தூக்கம் பிடிக்காமல் மனம் எரிச்சலடையத் தொடங்கினால் எழுந்து வேறிடம் போய்விட வேண்டும். புரண்டு கிடந்தால் படுக்கை என்பதே விழிப்பின் இடமாக மூளையில் பதிந்துவிடும். தனித் தனி அறைகள் உள்ள வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட யோசனை இது. ஒரே கூடத்தில் ஐந்து பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டில் எங்கே போவது? சமையலறையில் ஒரு நாற்காலி, திண்ணை, படிக்கட்டு, எதுவானாலும் சரி. அதை முன்பே முடிவுசெய்து, மங்கலான விளக்கும் விசிறியும் வைத்து, வீட்டாரிடம் ‘நடுராத்திரியில் நான் அங்கே உட்கார்ந்திருந்தால் பதற வேண்டாம்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். பூ தொடுப்பது, துணி மடிப்பது, பழைய வார இதழைப் புரட்டுவது போன்ற சுவாரசியம் குறைந்த வேலைகள் ஏற்றவை. கைப்பேசி ஏற்றதன்று, அதில் விலகல் அறிகுறிகளைப் பற்றித் தேடிப் படிப்பது அதனினும் மோசம். மறுபடி கண் சொக்கும்போது படுக்கைக்குத் திரும்பலாம்.

படுக்கையில் கழிக்கும் நேரத்தையே சுருக்குவது இச்சிகிச்சையின் இன்னொரு பகுதி. நோட்டின்படி ஒருவர் சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான் உறங்குகிறார் என்றால், காலை ஐந்தரைக்கு எழுபவர் நள்ளிரவு பன்னிரண்டுக்குத்தான் படுக்க வேண்டும். உறக்கம் தொடர்ச்சியாக அமைந்த பின் பதினைந்து பதினைந்து நிமிடமாக முன்னே நகர்த்தலாம். ஆனால் வலிப்பு நோய் அல்லது இருமுனையக் கோளாறு உள்ளவர்களும், மாயக்குரல் கேட்ட அனுபவம் உள்ளவர்களும், லாரி, பேருந்து ஓட்டுபவர்களும் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. தூக்கக் குறைவே அவர்களுக்கு ஆபத்து. பென்சோடயசெபினைக் குறைத்துக்கொண்டிருப்பவர் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே சுருக்க வேண்டாம். அதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

பின்னிரவு விழிப்புக்குத் தனியாக ஒரு சொல். விடியலுக்கு முன் கார்ட்டிசால் என்ற, உடலை உசுப்பும் ஹார்மோனின் சுரப்பு இயல்பாகவே ஏறுகிறது; விலகல் காலத்தில் அந்த ஏற்றம் நெஞ்சில் படபடப்பாக உணரப்படலாம். கடிகாரத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கி, கால் விரலிலிருந்து நெற்றி வரை ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்துங்கள். யோக நித்திரை பழகியவர்கள் அதையே செய்யலாம். கபாலபாதி போல வேகமாக மூச்சு விடும் பயிற்சிகள் அந்த நேரத்துக்கு ஏற்றவையல்ல. அவை படபடப்பைக் கூட்டக்கூடும். தூங்குவதற்காகச் செய்யாமல், படுத்தபடி இளைப்பாறுவதற்காகச் செய்யுங்கள்.

காபியும் சாதிக்காயும்

காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணி டிகிரி காபி இரவு பத்து மணிக்கும் உடலில் பாதி இருக்கும். ஃபுளூவாக்சமின் என்ற மனச்சோர்வு மருந்தை உட்கொள்பவர்களுக்கு இது பல மடங்கு நீளும். ஆகவே காபி, தேநீர் எல்லாம் நண்பகலோடு முடியட்டும். காபியையும் மருந்தையும் ஒரே வாரத்தில் விட முயலாதீர்கள். காபியை விட்ட தலைவலியை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். மதுவும் காபா வழியாகவே மயக்குவது. முதல் பாதி இரவைத் தந்து பின் பாதியைப் பறிப்பது. பென்சோடயசெபினோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

பாலில் சாதிக்காய்ப் பொடி, கசகசா என்று பாட்டி வைத்தியம் சொல்பவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. மணத்துக்கு ஒரு சிட்டிகை போட்ட வெதுவெதுப்பான பாலால் கேடில்லை. ஒரு சிட்டிகைக்குக் கேட்காத தூக்கத்துக்கு ஒரு தேக்கரண்டி போடுவதில்தான் கேடு: சாதிக்காய் ஐந்து கிராம் அளவுக்குப் போனால் நெஞ்சுப் படபடப்பும் குழப்பமும் மாயக்காட்சியும் வரலாம். கசகசாவில் அபின் செடியின் எச்சம் சிறிதளவு இருக்கக்கூடும். அமுக்கரா (அஸ்வகந்தா) மயக்க மருந்துகளின் விளைவைக் கூட்டலாம். ஈரல் பாதிப்பும் சிலருக்குப் பதிவாகியிருக்கிறது. எதைச் சேர்த்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சேருங்கள். சளி மாத்திரையைத் தூக்கத்துக்காக விழுங்கும் பழக்கம் சில நாள்களிலேயே பலனிழந்து மறுநாள் மந்தத்தை மட்டும் மிச்சம் வைக்கும். வேறு நோய்க்கு வேறு மருத்துவரிடம் போனாலும் மருந்தைக் குறைத்துவருவதைச் சொல்ல வேண்டும்; சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் பென்சோடயசெபின் விலகலை மோசமாக்கக்கூடும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

உட்காரவும் படுக்கவும் முடியாமல், கால்கள் ஓயாது நடக்கச் சொல்லும் உள்நடுக்கம் அகத்தீசியா எனப்படும். அதைப் பலர் தூக்கமின்மை என்றே சொல்லிவிடுகிறார்கள். மனநல மருந்துகளைத் தொடங்கும்போதும் குறைக்கும்போதும் அது வரலாம். தாங்க முடியாத அந்த வேதனை தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகக்கூடும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிப்பு, இடம் நேரம் புரியாத குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, கடுங்காய்ச்சலுடன் நடுக்கம், உயிரை விடும் எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். கடைசியாகக் குறைத்த மருந்தின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இலும், தமிழ்நாட்டில் 104 எண்ணிலும், இலங்கையில் 1926 எண்ணிலும் அழைக்கலாம்.

வீட்டாரிடம் கேட்க வேண்டிய உதவி சிறிது: காலையில் ‘தூங்கினாயா’ என்று நாள்தோறும் விசாரிப்பதை நிறுத்துவதும், எழும் நேரத்துக்கு எழுப்பி விடுவதும், தூங்காத இரவுக்கு மறுநாள் வண்டி ஓட்டும் பொறுப்பை ஏற்பதும். வாரம் ஒருமுறை நோட்டைச் சேர்ந்து பார்த்தால் போதும்.

கடைசி மாத்திரைக்குப் பின்னும் தூக்கம் சிலருக்குச் சில வாரங்களும் சிலருக்குப் பல மாதங்களும் ஏறி இறங்கியே வரும். எழும் நேரத்தை அதுவரை கைவிடாதீர்கள். அலமாரியில் மிஞ்சிய மாத்திரைகளை என்ன செய்வது என்பதையும் மருத்துவரிடம் முன்பே கேட்டு, அதுவரை வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்து வையுங்கள். ஏதோ ஒரு கெட்ட இரவில் நீங்களாக எடுத்து ஒன்று போட்டுக்கொள்ளும்படி கைக்கெட்டும் இடத்தில் அவை இருக்க வேண்டாம்.